இடது கீழ் மூலை

ஆகஸ்ட் 5, திங்கள்

உரக் கம்பெனிக்காரன் பொங்கலுக்குக் கொடுத்த டைரி இத்தனை மாதமாக இழுப்பறையில் சும்மா கிடந்தது. இன்றைக்கு எழுத விஷயம் இருக்கிறது. என் நாசில் பாஸாகிவிட்டது.

டிரோனில் மருந்தடிக்கிறவர்களுக்கு நானே அச்சு வார்த்து விற்கிற நாசில் இது. மருந்து இதன் வழியாகத்தான் துளியாகப் பிரிந்து விழும். துளி பெரிதாக இருந்தால் நேராகப் பயிரில் இறங்கும். பொடியாக இருந்தால் பனி மாதிரி மிதந்து பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். என்னுடையது மிதக்காது என்று வாயால் சொன்னால் இப்போது யாரும் வாங்குவதில்லை. பேப்பர் கேட்கிறார்கள். உடுமலையிலிருந்து கோயமுத்தூர் போய், ஒரு கல்லூரி ஆய்வகத்தில் மணிக்கணக்கில் வாடகை பேசி, இன்று பேப்பர் வாங்கிவிட்டேன்.

ஆய்வகத்துக்குப் பொறுப்பு ஷர்மிளா என்கிற அம்மா. உதவிக்கு முரளி, பாலக்காட்டுக்காரர். மிஷின் பார்க்கப் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு பெட்டியிலிருந்து இரண்டு லேசர் கதிர்கள் வந்து காற்றில் ஓரிடத்தில் குறுக்கே வெட்டிக்கொள்கின்றன. நாசிலிலிருந்து வரும் துளி அந்த இடத்தைக் கடக்கும்போது மினுங்கும். பக்கவாட்டில் இருக்கிற குழாய் மாதிரி ஒரு கண், அந்த மினுக்கைப் பார்த்துத் துளியின் அளவைச் சொல்லும். கண் அந்த வெட்டுப்புள்ளியையே பார்க்க வேண்டும். அப்படிப் பார்க்க வைப்பதிலேயே காலைப் பொழுது போய்விட்டது.

சரியாகப் பார்க்கிறதா என்று தெரிந்துகொள்ளக் கம்ப்யூட்டரில் இரண்டு படங்கள். முதல் படத்தில், ஒவ்வொரு துளியையும் இரண்டு விதமாக அளந்து ஒரு புள்ளியாக வைக்கிறது. இரண்டு அளவும் ஒத்துப்போனால் புள்ளிகள் ஒரே பட்டையில் நிற்கும். முதலில் தரையில் கொட்டிய கடுகு மாதிரி கிடந்தது. ஷர்மிளா அம்மா திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருகினார்.

"வாடகை மணி ஓடுதுங்கம்மா. நம்பரை மட்டும் சொல்லிட்டீங்கன்னா நான் கெளம்பிருவேன்."

"இந்தப் பட்டை நேரா வராம நான் நம்பர் சொன்னா அது ஜோசியம் சார். அதுக்கு நீங்க இவ்ளோ தூரம் வந்திருக்க வேண்டாம்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கறாரான ஆள். கடைக்கு இப்படி ஒருத்தர் இருந்தால் நன்றாக இருக்கும்.

பட்டை நேராக வந்தது. பிறகு இரண்டாவது படம். துளியின் அளவு குறுக்கே, மினுக்கு மேலே. பெரிய துளி பளிச்சென்று வலது மேல் பக்கம் நிற்கும். பொடித்துளி மங்கலாக இடது கீழ் மூலையில் நிற்கும். எங்கள் படத்தில் அந்த மூலை மட்டும் ஈ மொய்த்த மாதிரி கறுப்பாக இருந்தது.

"அந்த மூலைல என்னங்கம்மா குப்பை?"

"குப்பை இல்ல சார். பொடித்துளி. உங்க நாசில்ல கொஞ்சம் அதிகமாத்தான் தெரியுது. சில நேரம் மிஷினோட இரைச்சலும் இப்படி வந்து விழும். கிளாஸ் முடிச்சிட்டு வந்து எதுன்னு பாத்துச் சொல்றேன்."

அவர் வகுப்புக்குப் போனார். நான் முரளியோடு பேசிக்கொண்டிருந்தேன்.

சந்தையில் சாக்கு விரித்துப் பயறு விற்றுத் தொழில் கற்றவன் நான். பயறை அள்ளி, உமியை ஊதிவிட்டுத்தான் வாங்குகிறவர் கையில் கொடுப்பேன். அதே பயறுதான், ஊதினால் முதல் தரம். அதைத்தான் முரளியிடம் சொன்னேன். இரைச்சல் என்று அம்மாவே சொன்னாரே, அதைக் கொஞ்சம் சுத்தம் பண்ணிக் காட்டுங்கள் என்றேன். அவர் எதையோ குறைத்தார். எதை என்று நான் கேட்கவில்லை. மூலை கூட்டிப் பெருக்கிய வாசல் மாதிரி ஆயிற்று. துளி பெரிது, மிதப்பது சொற்பம் என்று நம்பர் வந்தது.

ஷர்மிளா அம்மா வந்து பட்டையைப் பார்த்தார், நேராக இருந்தது, கையெழுத்துப் போட்டார். மூலையைப் பற்றிப் பேச்சு வரவில்லை. நானும் எடுக்கவில்லை.

கிளம்பும் முன் முரளிக்குச் சாப்பாடு வாங்கிக் கொடுத்தேன். நல்ல பிள்ளை.

ஆகஸ்ட் 7, புதன்

செங்காட்டுப்புதூரில் தங்கச்சி வீட்டுக்குப் போனேன். தெய்வாத்தாள் பட்டுப்புழு வளர்க்கிறாள். மாப்பிள்ளை தவறிப்போன பிறகு அந்த ஒரு ஷெட்டை வைத்துத்தான் குடும்பத்தை நிமிர்த்தினாள். கதவருகே பிளீச்சிங் பவுடர் தட்டு. அதில் மிதித்துத்தான் உள்ளே போக வேண்டும்.

"கையக் கழுவு. சட்டைல என்ன வாசம்? சென்ட்டா?"

"சோப்புதான் அம்மிணி."

"சோப்புன்னா சரி. போன வாரம் குப்புராஜண்ணன் வீட்டுக்கு வந்த மாப்ள பவுடரு போட்டுட்டு உள்ள வந்துட்டான். பவுடரு வேணும்னா வாசல்லயே நில்லு, புழு வேணும்னா குளிச்சிட்டு வான்னு தொரத்திட்டேன்."

புழுக்கள் மூன்றாம் முறை தோலுரித்து எழுந்திருந்தன. தழை தின்கிற சத்தம், ஓட்டின்மேல் தூறல் விழுவது போல இருந்தது.

பக்கத்துக் காடு குப்புராஜுடையது. மக்காச்சோளம். குருத்தில் படைப்புழு விழுந்திருக்கிறது. டிரோனில் மருந்தடிக்க நினைக்கிறார். ஆனால் தெய்வாத்தாள் சரி என்றால்தான் அடிப்பேன் என்று காத்திருக்கிறார். மல்பெரித் தழையில் மருந்து பட்டால் பட்டுப்புழு தாங்காது. அந்த மரியாதை இன்னும் இந்த ஊரில் இருக்கிறது.

பேப்பரைக் காட்டினேன். அவள் படிக்கவில்லை.

"நீ என்ன சொல்ற? அதச் சொல்லு."

"மிதக்காது. வேலியோரம் ரெண்டு வரித் தழைய மட்டும் அறுக்காம விட்ரு, போதும்."

"நாலு வரி உட்டர்றேன்," என்றாள். வேலிக்குப் போய்க் குரல் கொடுத்தாள். "குப்புராஜண்ணா, நீங்க அடிச்சுக்கங்க. எங்கண்ணன் பொறுப்பு."

ஆகஸ்ட் 9, வெள்ளி

பேப்பரைக் கண்ணாடி போட்டு, வீட்டு முன்கட்டில் இருக்கிற கடையில் மாட்டினேன். பொள்ளாச்சி, தாராபுரம் ஆட்களெல்லாம் நாசில் கேட்டு வருகிறார்கள். அச்சுப் பட்டறையில் இரண்டாவது ஷிப்ட் போடச் சொன்னேன்.

ஆகஸ்ட் 12, திங்கள்

குப்புராஜ் காட்டில் டிரோன் ஓடியது. காற்று கிளம்புவதற்கு முன்பே, விடிந்ததும் ஆரம்பித்துவிட்டார்கள். கடைக்குப் போட்டோ வேண்டுமென்று நானும் போயிருந்தேன். வேலியோரம் நின்று பார்த்தேன். வெயில் சாய்வாக விழுந்தபோது டிரோனுக்குப் பின்னால் லேசாகப் புகை மாதிரி ஒன்று தெரிந்தது. போட்டோவில் அது விழவில்லை.

காலைப் பனியாக இருக்கும்.

ஆகஸ்ட் 13, செவ்வாய்

மத்தியானம் போன் வந்தது. "அண்ணா, வா." அவ்வளவுதான். வைத்துவிட்டாள்.

போனேன். கதவருகே நின்றேன். கையைக் கழுவு என்று யாரும் சொல்லவில்லை.

ஷெட்டுக்குள் சத்தமே இல்லை. எனக்கு முதலில் தட்டியது அதுதான். தழை தழையாகவே கிடந்தது. அதன்மேல் புழுக்கள் தலையைத் தூக்கி இப்படியும் அப்படியும் ஆட்டிக்கொண்டிருந்தன. விரல் நீளம் இருந்தவை பாதியாகச் சுருங்கியிருந்தன. வாயிலிருந்து பச்சையாகச் சாறு கக்கியிருந்தன. தட்டுக்குத் தட்டு, கடைசி அடுக்கு வரை அப்படியே. ஒரு மூலையில் நாலைந்து மட்டும் இன்னும் தின்று கொண்டிருந்தன. அதைப் பார்க்கத்தான் என்னால் முடியவில்லை.

தெய்வாத்தாள் நடுவில் உட்கார்ந்திருந்தாள். அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் தட்டுகளைப் பார்த்தேன்.

"என்ன நோவோ, தெரியலயே," என்றேன்.

அவள் எழுந்து தட்டுகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினாள்.

சாப்பாடு இறங்கவில்லை. வீட்டுக்காரி வசந்தாமணி என்ன என்று கேட்டாள். வெயில் என்றேன்.

ஆகஸ்ட் 14, புதன்

இளம்புழு மையத்திலிருந்து திருமூர்த்தி வந்தார். முட்டை பொரித்து, புழுவைக் குஞ்சாக வளர்த்து, சுற்று வட்டாரத்துக்கெல்லாம் பிரித்துக் கொடுப்பது இவர்தான். இவர் கொடுக்காவிட்டால் ஷெட் காலி.

அவர் வருவதற்குள் தெய்வாத்தாள் புழுவையெல்லாம் குழியில் கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூடியிருந்தாள். ஏன் இவ்வளவு அவசரம் என்று நினைத்தேன். கேட்கவில்லை.

"என்னங்கக்கா, ஒண்ணக்கூட வெக்காம பொதச்சுட்டீங்க? பாத்தாத்தான எனக்குத் தெரியும்?"

"பாக்க என்ன இருக்குது திருமூர்த்தி. பால் புழு நோவுதான். உப்பி, பால் மாதிரி ஒழுகுச்சு. போன தடவ ஷெட்டு கழுவறப்ப பிளீச்சிங்கச் சிக்கனம் பண்ணிட்டேன். என் தப்பு."

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். பச்சையாகக் கக்கியதை நேற்று என் கண்ணால் பார்த்தேன். அவள் பால் என்கிறாள். என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு ஒரு நிம்மதி வந்ததையும் மறைப்பதற்கில்லை.

திருமூர்த்தி தலையைச் சொறிந்தார். "பால் புழுன்னா இனி உங்க ஷெட்டுக்குப் புழு தர முடியாதுங்கக்கா. ஒரு ஷெட்டுல வந்தா ஊரு பூராப் பரவிரும். மத்தவங்களே உட மாட்டாங்க. சங்கத்துல சொல்லியாகணும். தப்பா நெனச்சுக்காதீங்க."

"நெனைக்க மாட்டேன்," என்றாள்.

குப்புராஜ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து, "மருந்து கிருந்து வந்து பட்டிருக்குமோ அம்மிணி?" என்று கேட்டார். "சேச்சே. எங்கண்ணன் நாசில் மிதக்காதுங்ணா," என்றாள். அதைச் சத்தமாகச் சொன்னாள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

வியாபாரிகள் சங்கத்தில் கொடியேற்றினேன். மிட்டாய் கொடுத்தார்கள். சட்டைப் பையில் அப்படியே உருகிக் கிடக்கிறது.

ஆகஸ்ட் 16, வெள்ளி

கடையைத் திறக்காமல் கோயமுத்தூர் போனேன். கடை தொடங்கிய பிறகு வெள்ளிக்கிழமை திறக்காதது இதுதான் முதல் தடவை.

ஷர்மிளா அம்மாவிடம் புழுக்களைப் பற்றிச் சொன்னேன். முரளியைப் பற்றிச் சொல்லவில்லை. மிஷினில் ஏதாவது கோளாறு இருக்குமோ என்று கேட்டேன். அப்படித்தான் கேட்டேன்.

அவர் அன்றைய படங்களைத் திறந்தார். பட்டை நேராக இருந்தது. தலையாட்டினார். இரண்டாவது படத்தைத் திறந்தார். நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.

"சார், இந்த மூலை எங்க?"

"சுத்தமா இருக்குதுங்களே."

"எந்த நாசில்லயும் அந்த மூலை இவ்ளோ சுத்தமா இருக்காது சார். காலைல நான் பாத்தப்ப கறுப்பா இருந்துச்சு. அதுக்கப்புறம் யாரோ கண்ணோட கூர்மையைக் குறைச்சிருக்காங்க. மங்கலா மினுங்கறது எதையும் அது பாக்கல. துளி எங்கயும் போகல. கண்ணுதான் குருடாயிருக்கு."

முரளி பின்னால் நின்றிருந்தார். "சார்தானே இரைச்சலை சுத்தம் பண்ணச் சொன்னது," என்றார். சின்னக் குரல்தான், ஆனால் அறை முழுக்கக் கேட்டது.

"இரைச்சலா இருக்கலாம்னு நீங்க சொன்னீங்கம்மா," என்றேன். என் வாயிலிருந்து அது வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவர் முகம் வெளிறிவிட்டது. "வந்து பாத்துச் சொல்றேன்னு சொன்னேன். பாக்கல. முதல் படம் நேரா இருந்துச்சேன்னு இரண்டாவதைத் திறக்காமலேயே கையெழுத்துப் போட்டுட்டேன்." நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். "முரளி, லேசரைப் போடு."

மறுபடி முதலிலிருந்து. கதிர்கள் வெட்டிக்கொள்கிற இடம், கண், திருகாணி. பட்டை நேரானது. இந்தத் தடவை கூர்மையைப் படிப்படியாக ஏற்றினார். ஒவ்வொரு படிக்கும் என்னைப் பார்க்கச் சொன்னார். இரைச்சலாக இருந்தால் தண்ணீரை நிறுத்திய பிறகும் புள்ளி விழும் என்றார். நிறுத்தினார். ஒரு புள்ளிகூட விழவில்லை. திறந்தார். அந்த மூலையில் ஒன்று விழுந்தது. பக்கத்தில் ஒன்று. பிறகு எண்ண முடியவில்லை. மூலை கறுத்துக்கொண்டே போனது. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

"இது எவ்ளோ தூரம் போகுங்கம்மா?"

"லேசான காத்து போதும் சார். ஒரு காட்டைத் தாண்டிப் போகும்."

வேலியோரம் நாலு வரி விட்டிருந்தாள்.

பேப்பரை ரத்து செய்வதாகவும் தன் பெயரிலேயே எழுதி அனுப்புவதாகவும் சொன்னார். நான் தடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டில் எந்த பஸ் என்று தெரியாமல் நின்றேன். இத்தனை வருஷமாக ஏறுகிற பஸ்.

ஆகஸ்ட் 17, சனி

காலையில் செங்காட்டுப்புதூர் போனேன். தெய்வாத்தாள் காலித் தட்டுகளை வெயிலில் காய வைத்துக்கொண்டிருந்தாள். யார் புழு தரப்போகிறார்கள் என்று காய வைக்கிறாள்!

"அம்மிணி, பேப்பர் தப்பு," என்றேன். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். மூலையைச் சுத்தம் பண்ணச் சொன்னதையும் சொன்னேன். அதைச் சொல்லும்போது மட்டும் தட்டைப் பார்த்துச் சொன்னேன்.

அவள் தட்டைத் திருப்பிப் போட்டாள்.

"உப்பிப் பால் மாதிரி ஒழுகுனா நோவு. சுருங்கிப் பச்சையாக் கக்குனா மருந்து. இத்தன வருசமா புழுவோட பொழைக்கறவளுக்கு இது தெரியாதாண்ணா?"

அவள் எதிரில் உட்கார்ந்துவிட்டேன்.

"தெரிஞ்சுமா திருமூர்த்திகிட்ட அப்படிச் சொன்ன? அவன் பாக்கறதுக்குள்ள எதுக்குப் பொதச்ச?"

"குப்புராஜண்ணன அடிக்கச் சொன்னவ நானு. எங்கண்ணன் பொறுப்புன்னு வேலில நின்னு கத்துனவ நானு. அவரு மேல பழி போட முடியுமா? உம்மேல போடறதுக்கு..." நிறுத்திக்கொண்டாள். "உம்மேல நான் போடறதா? நீயே சொல்லுவேன்னு பாத்தேன். கதவுகிட்ட நின்னு நீயுந்தான பாத்த. பச்சையத்தான பாத்த. என்ன நோவோன்னு கேட்ட பாரு, அங்கதாண்ணா எனக்கு ஈரக்கொல அத்துப் போச்சு. புழு செத்தப்பக்கூட அப்படி இல்ல."

காபி குடிக்கிறாயா என்று கேட்கவில்லை. கேட்காமல் விட்டதே இல்லை.

கடைக்கு வந்து கண்ணாடி போட்ட பேப்பரைக் கழற்றினேன். நாசில் வாங்கின ஒவ்வொருத்தருக்கும் போன் போட்டேன். தாராபுரத்துக்காரர், "அண்ணா, நல்லாத்தானுங்க ஓடுது, எதுக்குத் திருப்பிக் கேக்கறீங்க?" என்றார். புழு செத்துப் போச்சுங்க என்றேன். யாருடைய புழு என்று கேட்டார். என் தங்கச்சியோடது என்றேன். பஸ்ஸில் போட்டு அனுப்புகிறேன் என்றார்.

திருமூர்த்திக்கும் போன் போட்டேன். "அக்காவே நோவுன்னு சொல்லிட்டாங்க. அண்ணன் தங்கச்சி பாசத்துல நீங்க மாத்திச் சொல்றீங்க. புழுவும் பொதச்சாச்சு. நான் எதப் பாத்து நம்பறது?" என்றார்.

பேப்பர் காட்டி நம்ப வைத்தவன் நான். இப்போது என் பேச்சை நம்ப ஆளில்லை.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

டிரோன்காரரை வரச் சொன்னேன். குப்புராஜையும் திருமூர்த்தியையும் பட்டுப்புழு வளர்க்கிற எல்லோரையும் வரச் சொன்னேன். பீரோவிலிருந்து இரண்டு வெள்ளை வேட்டிகள் எடுத்தேன். ஒன்றை வேலியோரம் கட்டினேன். இன்னொன்றைத் தழையெல்லாம் தாண்டி, ஷெட் வாசலுக்குப் பக்கத்தில் கட்டினேன். டிரோன் தொட்டியில் மருந்து இல்லை, தண்ணீர்தான். அதில் துணிக்குப் போடுகிற சொட்டு நீலத்தை பாட்டில் பாட்டிலாக ஊற்றினேன். என் பழைய நாசிலையே மாட்டச் சொன்னேன்.

"ஏனுங்க பங்காளி, மக்காச்சோளத்துக்கு வெள்ளாவி வெக்கறீங்களா?" என்றார் குப்புராஜ். நாலு பேர் சிரித்தார்கள்.

டிரோன் போய்த் திரும்பியது. வேலியோர வேட்டி நீலமாகிவிட்டது. அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஷெட் வாசல் வேட்டிக்கு எல்லோரும் நடந்தோம். தூரத்திலிருந்து பார்க்க வெள்ளையாகத்தான் இருந்தது.

"இதுல ஒண்ணுமில்லீங்களே," என்றார் குப்புராஜ்.

ஒன்றுமில்லாமல் இருந்தால் நல்லதா கெட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. திருமூர்த்தி புழு பார்க்கிற லென்ஸைப் பையிலிருந்து எடுத்து வேட்டிமேல் வைத்தார். குனிந்தார். நகர்த்தினார். மறுபடி குனிந்தார். நிமிர்ந்தபோது சிரிப்பு போயிருந்தது.

"பாருங்க."

ஒவ்வொருத்தராகப் பார்த்தார்கள். ஊசிமுனை மாதிரி நீலம். துணியின் ஒவ்வொரு இழையிலும். ஆய்வகத்தில் பார்த்த அதே மூலை, என் கல்யாண வேட்டி முழுக்க.

"என் நாசில்தாங்க," என்றேன். "பொடித்துளி அதிகம்னு ஆய்வகத்துலயே தெரிஞ்சுது. அதை மறைச்சுப் பேப்பர் வாங்குனவன் நானு. தங்கச்சி ஷெட்டுல நோவும் இல்ல, ஒண்ணும் இல்ல. எனக்காகத்தான் அப்படிச் சொன்னா."

குப்புராஜ் லென்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "அப்ப நான் அன்னிக்குப் படைப்புழுவுக்கு அடிக்கல. தெய்வாத்தா புழுவுக்குத்தான் அடிச்சிருக்கேன். அப்படித்தானுங்க?"

அப்படித்தான் என்றேன்.

அவர் தலைத்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு என்னோடு பேசவில்லை. இனி பங்காளி என்று கூப்பிடுவாரா என்று தெரியவில்லை.

திருமூர்த்தி தெய்வாத்தாளிடம் போனார். "செடியெல்லாம் அடியோட வெட்டி உட்டுருங்கக்கா. புதுத் தழை வரட்டும். வந்ததும் ஒரு வார்த்தை சொல்லுங்க, புழு கொண்டாந்து எறக்கறேன். இனிமே பொய் சொல்றதுன்னா என்கிட்ட சொல்லாதீங்க, அழுது போடுவேன்."

அவள் சரி என்றாள். அழுதது அவள்தான். புழு செத்த அன்றைக்குக்கூட அழாதவள்.

ஆகஸ்ட் 19, திங்கள்

திரும்பி வந்த நாசில்கள் சாக்கில் கிடக்கின்றன. பட்டறையை நிறுத்தியிருக்கிறேன். ஷர்மிளா அம்மா போன் செய்தார். வாய் அகலத்தை மாற்றி வார்த்துக் கொண்டு வாருங்கள், வாடகை வேண்டாம், ஆனால் நான்தான் கடைசி வரை உட்கார்வேன் என்றார். வாடகை கொடுப்பேன் என்றேன். மூலை கறுப்பாக வந்தால் கறுப்பு என்றே எழுதுங்கள் என்றும் சொன்னேன்.

சாயங்காலம் தெய்வாத்தாள் பஸ் ஏறி வந்தாள். வெட்டிப் போட்ட மல்பெரிச் செடியின் பால் கையில் கறையாக இருந்தது. வசந்தாமணி அழுக்குத் துணியோடு அந்த ஷெட் வாசல் வேட்டியையும் வாளியில் போட வைத்திருந்தாள். நல்ல வேட்டி, நீலம்தானே, ஒரு அலசில் போய்விடும் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

தெய்வாத்தாள் வேட்டியை உருவி எடுத்தாள். உதறினாள். மடித்தாள். என் மேசைமேல், கண்ணாடிப் பேப்பர் மாட்டியிருந்த ஆணிக்குக் கீழே வைத்தாள்.

"இதத் தொவைக்காத," என்றாள் என்னிடம்.

துவைக்கவில்லை.